வேகமும் வெப்பமும்

சென்ற கிழமை மோட்டார் எஞ்சினின் குதிரைவலுவைப் பற்றி நாம் எழுதியதைப் படித்த மாணவர் ஒருவர் கடிதம் வரைந்துள்ளார். அவருடைய தமையனார் வேகமான கார் ஒன்றை வாங்கியிருக்கிறாராம். அதற்குப் பெரிய பிறேக் பூட்டுவதற்குப் பணம் சேர்த்து வருகிறாராம். "பூட்டினால் கார் முன்னையிலும் குறுகிய தூரத்தில் நிற்குமா?" என்பது தம்பியின் வினா. பௌதிகம் பயிலும் பிள்ளைகள் யாவரும் சிந்தித்துப் பார்க்கத் தக்க வினா இது.

சாதாரண வேகத்தில், பிறேக் சூடேறாத நிலையில், ஒரேயொரு முறை நிறுத்துவதாயின் "பெரும்பாலும் நிற்காது" என்பதே விடை. பிறேக் சில்லின் சுழற்சியைத் தடுக்கிறது. காரை நிறுத்துவதோ டயர் நிலத்தைப் பற்றும் பிடி. அழுத்தி மிதித்தவுடன் சில்லுகள் சுழலாமல் இறுகிப் போகுமாயின், அல்லது அவ்வாறு இறுகாமற் காக்கும் மின்னணுக் கருவி வேலை செய்யத் தொடங்குமாயின், டயர் தரக்கூடிய பிடி முழுவதையும் இப்போதுள்ள பிறேக்கே பயன்படுத்திவிட்டது என்பது கருத்து. அதற்கு மேல் எத்துணைப் பெரிய பிறேக்கைப் பூட்டினும் தூரம் குறையாது. தமையனாரின் பணம் முதலில் நல்ல டயருக்குச் செல்லட்டும்.

அவ்வாறாயின் பெரிய பிறேக் எதற்கு? வெப்பத்தைத் தாங்குவதற்கு.

ஓடும் பொருளின் இயக்கப்பாட்டுச் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். 1,300 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதனிடத்தில் ஏறக்குறைய 16 இலட்சம் யூல் சக்தி உண்டு. பிறேக்கினால் நிறுத்தும்போது அதன் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. 16 இலட்சம் யூல் என்பது ஐந்து லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். இல்லத்தரசிகள் அடுப்பில் எத்தனை நிமிடம் காத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக் கொள்க. அவ்வளவையும் நான்கு சில்லுகளில் உள்ள இரும்பு சில விநாடிகளுள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அது ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிடும்.

இந்த உண்மையை நன்கு உணர்ந்தவர்கள் இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனத்தார். 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அவர்கள் வைத்த எக்ஸ்.கே. 120 என்னும் கார் மணிக்கு 120 மைல் ஓடவல்லது என்பதைப் பெயரிலேயே தாங்கி வந்தது. அதன் பிறேக்குகளோ டிறம் வகையின. உருளை வடிவான கிண்ணம் ஒன்றினுள்ளே இரு பட்டைகள் விரிந்து அதன் உட்சுவரை அழுத்தும் அமைப்பு. சூடேறியதும் கிண்ணம் விரிந்து பட்டையை விட்டு அகலும். பட்டையின் உராய்வுக் குணமும் குன்றும். உள்ளே பிறந்த வெப்பம் வெளியேற எளிதில் வழியும் இல்லை. எனவே முதல் வளைவில் நன்றாகப் பிடித்த பிறேக் பத்தாவது வளைவில் சோர்ந்துவிடும். எஞ்சினின் வலிமைக்குப் பிறேக் ஈடுகொடுக்கவில்லை என்பதே அக்காரின் பெருங்குறையாகப் பேசப்பட்டது.

விடை ஆகாய விமானத்திலிருந்து வந்தது. விமானச் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் செய்துவந்த டன்லொப் நிறுவனத்தோடு ஜாகுவார் சேர்ந்து உழைத்தது. சில்லோடு சுழலும் தட்டு ஒன்றை இரு புறமும் பட்டைகள் இடுக்கிபோலப் பற்றும் முறை இது. தட்டு வெட்டவெளியிற் சுழல்வதால் காற்று அதனை ஆற்றுகிறது. சூட்டில் தட்டுத் தடித்தாலும் பட்டையை நோக்கித்தான் தடிக்கும், அகலாது. ஆயினும் தொடக்கச் சோதனைகள் இலகுவாக அமையவில்லை. பட்டையின் சூடு குழாய்த் திரவத்துக்கு ஏறி அதனைக் கொதிக்கச் செய்தது. சோதனை ஓட்டுநர் நோர்மன் டூயிஸ் பொறுமையோடு ஓட்டி ஓட்டிக் குறைகளைக் களைய உதவினார். 1952இல் பிரான்சின் றீம்ஸ் நகரில் ஸ்டேர்லிங் மொஸ் டிஸ்க் பிறேக் பூண்ட ஜாகுவாரில் வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டு லெ மான் நகரின் 24 மணிநேரப் போட்டியில் ரொனி ரோல்ற், டங்கன் ஹமில்ற்றன் இருவரும் ஓட்டிய கார் முதலிடம் பெற்றது. அப்போட்டியில் வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதன்முறை. ஏறக்குறைய 6 கிலோமீற்றர் நேர்ப்பாதையின் முடிவில் ஒரு கூரிய வளைவு அங்கே உண்டு. மற்றவர்கள் பிறேக்கைக் காப்பாற்றவேண்டி முன்கூட்டியே வேகத்தைத் தணிக்க, ஜாகுவார் ஓட்டுநர் இன்னுஞ் சிறிது தூரம் முழு வேகத்தில் ஓடினர், பகலிலும் இரவிலும்.

1957இல் வந்த எக்ஸ்.கே. 150இல் நான்கு சில்லுகளுக்கும் டிஸ்க் பிறேக் கிடைத்தது. பழைய எக்ஸ்.கே. 120 வைத்திருப்போர் பலர் தம் கார்களுக்கும் இதனைப் பூட்டிக்கொள்கின்றனர். தமையனார் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. டிறம் பிறேக்கின் பட்டை, சுழலும் கிண்ணத்தினாலேயே இழுக்கப்பட்டு இன்னும் இறுகும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. எனவே காலின் வலு போதாமல், எஞ்சினின் உறிஞ்சலால் இயங்கும் துணைக்கருவி வேண்டியதாகிறது. மிதியோடு இணைந்த முதன்மைச் சிலிண்டரின் பருமனும் புதிய பிறேக்குக்குப் பொருந்த வேண்டும். இன்றேல் மிதி கல்லாக இருக்கும், அல்லது நெடுந்தூரம் இறங்கும். முன் பின் பங்கீடும் உண்டு. பிறேக் பிடிக்கையில் காரின் பாரம் முன்சில்லுகளுக்குச் சாய்கிறது. பின்பிறேக் அளவுக்கு மிஞ்சினால் பின்சில்லு முதலில் இறுகிக் கார் சுழன்றுவிடும். முன்பிறேக்கை மாத்திரம் பெருப்பித்தாலோ பின்சில்லுகள் தம் பங்கைச் செய்யாமல், நிற்கும் தூரம் கூடவும் கூடும். சிவப்பு வர்ணம் பூசிய பெரிய இடுக்கியைப் பார்த்து மயங்கிப் பணத்தைக் கொட்டுவோர் இதனைக் கேட்பதேயில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், மனத்துக்கு இனிமையானதன்று. 1955 ஜூன் 11ஆந் திகதி, அதே லெ மான். மைக் ஹோதோர்ணின் ஜாகுவார், லான்ஸ் மக்லினின் ஒஸ்டின் ஹீலியைக் கடந்து, தன் குழுவின் தரிப்பிடத்துக்குச் செல்ல வேகத்தைத் தணித்தது. மக்லின் விலகினார். பின்னால் மிகுந்த வேகத்தோடு வந்த பியர் லெவேயின் மேர்சிடிஸ் அவருடைய காரில் மோதி எழுந்து பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. லெவேயும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர். ஜாகுவாரில் டிஸ்க் பிறேக். மேர்சிடிஸில் டிறம் பிறேக்கும், ஓட்டுநரின் பின்னே எழுந்து காற்றைத் தடுக்கும் ஒரு மூடியும். பிறேக்கின் வேற்றுமைதான் காரணம் என்று தீர்ப்புக் கூறுவது நேர்மையாகாது. பாதை ஒடுக்கமானது, தரிப்பிடங்கள் அதன் ஓரத்திலேயே இருந்தன. ஆயினும் விரைவில் நிற்கவல்ல காரின் பின்னால் வருபவரிடம் அதே பிறேக் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. காலி வீதியில் ஒட்டி ஒட்டி வரும் முச்சக்கர வண்டிகளை நேயர்கள் அறிவார்கள்.

தமையனார் பந்தயப் பாதையில் ஓட்டும் எண்ணமுடையவராயின் பெரிய தட்டுகள் பயன்படும். வீதியில் மாத்திரம் ஓட்டுபவராயின், நல்ல பட்டைகளும் புதிய திரவமுமே போதும் என்பது எம் எண்ணம். பட்டை வாங்கும்போது பந்தயத்துக்கென்றே செய்தவற்றை விலக்குக; அவை சூடேறினால்தான் நன்கு பிடிக்கும், காலையில் முதற் சந்தியில் கைவிடும். பிறேக் எண்ணெய் என்று நாம் வழங்கும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகை வரை இறங்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். ஆவி அமுங்கும், ஆகவே மிதி அடிவரை இறங்கியும் கார் ஓடிக்கொண்டிருக்கும். பழைய கார் வாங்கியவர் அந்தத் திரவம் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பதைப் பணம் சேர்ந்து முடியுமுன்பே விசாரித்துக்கொள்வது நன்று. தம்பி அதனை அறிந்து எமக்கு எழுதட்டும்.