சத்தம் தனி, சக்தி தனி!

‘சைலன்ஸர்’ என்று பெயர் வைத்த புண்ணியவான் ஒருநாள் சாயங்காலம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் வந்து நின்றால், பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேருவார். தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கோயம்புத்தூருக்கும் கிளம்புகிற பஸ்கள் ஒருபக்கம் உறுமும். கண்டக்டர்கள் ஊர்ப் பெயரை ராகம் போட்டுக் கூவுவார்கள். அத்தனையையும் அமுக்கிக்கொண்டு ‘டுபுடுபுடுபு... டமார்!’ என்று ஒரு சத்தம் வரும். யாரோ லாரிதான் வாங்கிவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தால், ஒரு சின்னக் கார். உள்ளே இருபத்தஞ்சு வயசு வாலிபர். முகத்தில் போர் விமானம் ஓட்டுகிற களை!

அவரைக் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. ஆபீஸில் நாள் பூராவும் மானேஜர் போடுகிற சத்தத்தை நாம் கேட்கிறோம். சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் நாம் போடுகிற சத்தத்தை நாலு பேர் கேட்கட்டுமே என்று நினைப்பதில் என்ன தப்பு? நியாயமான ஆசை. ஆனால், அதற்குப் போகிற காசு சம்பளக் காசு. பி.காம். படித்த தோஷம், எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

கடையில் என்ன சொல்கிறார்கள்? “இதை மாட்டுனா சத்தமும் ஏறும், பவரும் ஏறும் சார்!” இங்கேதான் சூட்சுமம். சத்தம் ஒரு கணக்கு, சக்தி வேறொரு கணக்கு. இரண்டையும் ஒரே பில்லில் எழுதி நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். பேரேட்டில் தனித்தனிப் பக்கம் போட்டுப் பார்ப்போம்.

முதல் பக்கம், சத்தம்.

கார் எஞ்சினுக்குள் நடப்பது சின்னச் சின்ன வெடி. பெட்ரோலும் காற்றும் கலந்து வெடித்து, எரிந்த புகை வால்வு திறந்ததும் குபீரென்று குழாய்க்குள் பாயும். அந்தப் பாய்ச்சல்தான் சத்தம். அதை ஒரு டப்பாவுக்குள் விட்டு, அறை அறையாகத் தடுத்து, ஓட்டை போட்ட குழாய்கள் வழியே சுற்ற வைத்து அலுக்கப்பண்ணி வெளியே அனுப்புவதுதான் சைலன்ஸரின் வேலை. அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அடக்குவதற்கு ஒருத்தர் காசு வாங்கினார். அடக்காமல் இருப்பதற்கு இன்னொருத்தர் காசு வாங்குகிறார். உலகம் அப்படி!

சரி, எந்தச் சத்தம் வரும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? குழாய்க்குப் பங்கு உண்டு. ஆனால் ஆதார சுருதி எஞ்சினுடையது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது நாலு சிலிண்டர் எஞ்சினில் விநாடிக்கு 100 வெடி. மூணு சிலிண்டர் என்றால் 75. எட்டு சிலிண்டர் என்றால் 200. வீடியோவில் வெளிநாட்டுக் கார் சீறுவதைப் பார்த்து மயங்கி, அதே ‘மாடல்’ குழாயை நம் மூணு சிலிண்டர் வண்டிக்கு மாட்டினால் அந்தச் சீற்றம் வராது. உறுமி மேளத்தின் வாயில் எத்தனை பெரிய குழலைச் செருகினாலும் நாதஸ்வரம் ஆகுமா?

அதற்காக எஞ்சின் சத்தம் அற்பம் என்று நினைக்காதீர்கள். ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் மோட்டார் சைக்கிளின் சத்தத்தையே டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய 1994-ல் விண்ணப்பம் போட்டது. பல வருஷம் இழுபறி. கடைசியில் 2000-ல் விண்ணப்பத்தை அவர்களே வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆக, சத்தத்துக்கு மதிப்பு உண்டு. நாம் கேட்பதெல்லாம், சத்தத்தை சத்தம் என்று சொல்லி விற்கட்டும் என்பதுதான்.

அடுத்த பக்கம், சக்தி.

எஞ்சின் மூச்சு விடுகிற பிராணி. உள்ளே இழுத்ததை வெளியே விட்டால்தான் அடுத்த மூச்சு. வெளியே போகிற வழியில் அடைப்பு இருந்தால் பலம் குறையும், வாஸ்தவம். ஆனால், கம்பெனி இன்ஜினீயர்கள் அந்த எஞ்சினுக்குத் தகுந்த குழாயை அளந்துதான் போட்டிருக்கிறார்கள். 80 சொச்சம் குதிரை சக்தி உள்ள டர்போ இல்லாத பெட்ரோல் காரில், கடைசி டப்பாவை மட்டும் மாற்றினால் கிடைப்பது அதிகம் போனால் இரண்டு மூன்று குதிரை. அநேகமாக அதுவும் குதிரைக் குட்டிதான்!

அந்தக் குட்டியும் எப்போது எட்டிப் பார்க்கும்? எஞ்சின் 5,000, 6,000 சுற்றுக்கு மேலே போகும்போது. ஆரப்பாளையத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் 6,000 சுற்றை எங்கே எடுப்பது? முன்னால் ஷேர் ஆட்டோ, பின்னால் டவுன் பஸ், நடுவில் இரண்டாவது கியரில் நாம். இன்னொரு விபரீதமும் உண்டு. குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால், புகையின் வேகம் தணிந்துவிடும். வேகமாகப் போகிற புகைதான் பின்னால் வருகிற புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுவை போனால், குறைந்த சுற்றில் வண்டி இன்னும் மந்தமாகும். ஆக, நாம் ஓட்டாத வேகத்தில் இரண்டு குதிரையை வாங்கி, தினமும் ஓட்டுகிற வேகத்தில் இரண்டு குதிரையை விற்கிறோம்.

டர்போ வைத்த வண்டி என்றால் கதை வேறு. அதில் வெளியே போகிற வழி சுலபமானால் பலன் தெரியும். ஆனால், எஞ்சினின் கம்ப்யூட்டரையும் அதற்கேற்றபடி சரிக்கட்ட வேண்டும். அதற்குத் தனி பில்.

ரேஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? கோவை கரிவரதன் மாருதி 800-ன் எஞ்சினை வைத்தே ஒற்றை ஆள் ரேஸ் கார் கட்டினார். ‘ஃபார்முலா மாருதி’ என்று பெயர். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வகை வண்டிதான். ரகசியம் குழாயில் இல்லை. கனம் இல்லாத உடம்பில் இருந்தது. நம் டிக்கியைத் திறந்து பாருங்கள். போன தீபாவளிக்குப் போட்ட அட்டைப்பெட்டி, ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய அரை மூட்டை அரிசி... அதை இறக்கினாலே வண்டி சந்தோஷப்படும்!

இப்போது ஒரு நிஜ சமாசாரம். என் நண்பர் ஒருவர், ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட், பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். குமுளி மலையேறும்போது ஏ.ஸி. போட்டால் வண்டி இழுக்கவில்லை. “எக்ஸாஸ்ட் மாத்தப் போறேன்” என்று முப்பதாயிரம் ஒதுக்கி வைத்திருந்தார். கூடவே ஒரு பெருமை: “ஒண்ணும் பண்ணாமலே ரெண்டு மாசமா வண்டி தானா ‘பீட்’ அடிக்குதுப்பா!” ஆரப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனோம். நண்பர் ஆசையைச் சொன்னார். மெக்கானிக் சத்தத்தை மட்டும் கேட்டார்.

“சார், வண்டிய ஆப் பண்ணுங்க. ஆறட்டும். பிள்ளைகளப் பின்னாடி ஒக்கார வச்சுத்தான் கூட்டிட்டுப் போவீங்களா?”

“ஆமாண்ணே. சின்னவளுக்குத்தான் போகும்போதெல்லாம் தலைவலி, வாந்தி. மலை ரோடு ஒத்துக்கல.”

“மலை ரோடு என்னத்த பண்ணுச்சு? இங்கிட்டு வந்து பாருங்க.”

ஆறிய வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டார்ட் செய்து, பின்னால் குழாய் வாயில் ஒரு கனத்த துணியை லேசாக அழுத்திப் பிடித்தார். வண்டிக்கு நடுவில் ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். குழாய் இணைப்பில் துரு தின்ற ஓட்டை, சுற்றிலும் கரிப்படலம். இத்தனை நாள் நண்பர் ரசித்த ‘பீட்’ அதுதான். பின் சீட்டுக்கு நேர் கீழே.

புகையில் இருக்கிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். முதல் அறிகுறி தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பார்ப்பவர்கள் ‘வண்டி ஒத்துக்கல’ என்றுதான் சொல்வார்கள். அளவு மீறினால் தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். நண்பர் அங்கேயே குத்துக்கல்லாக உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்கு நடந்த வேலை: குழாயில் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது இணைப்பு, ரோட்டுப் புழுதியில் கம்பளிப் போர்வையாகியிருந்த ஏர் ஃபில்டருக்குப் பதில் புதுசு, ஸ்பார்க் பிளக், டயரில் காற்று, பிடித்துக்கொண்டே ஓடிய பின் பிரேக்கை விடுவித்தது. ஒதுக்கிய முப்பதாயிரத்தில் முக்கால்வாசிக்கு மேல் பாக்கி! அடுத்த மாதம் குமுளி போய் வந்தார். வண்டி ஏ.ஸி. போட்டபடியே ஏறியது. சின்னவள் வழிநெடுக வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாளாம். வண்டியில் இப்போது அது ஒன்றுதான் சத்தம்.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.ஸி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். லைசென்ஸுக்கும் மூன்று மாதம் லீவு! கார் ஓடும்போது போடலாம் என்று கம்பெனிகளுக்கு விதித்திருக்கிற அளவு 74 டெசிபல். அதற்கு மேல் 10 கூடினால் காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சத்தம்.

இத்தனைக்கும் பிறகு ஆசை அடங்கவில்லையா? சரி, கடைக்குப் போகுமுன் கைச்செலவுக்கு நாலு வார்த்தை.

ஒன்று: முதலில் வண்டியை அதன் கம்பெனி பலத்துக்குக் கொண்டு வாருங்கள். இழந்த குதிரைகளைத் திரும்பக் கட்டுவதுதான் மலிவான வியாபாரம்.

இரண்டு: “பவர் ஏறும்” என்றால், மாட்டுவதற்கு முன்னும் பின்னும் டைனோவில் ஏற்றி அளந்த சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லாத குதிரை ஓடாது.

மூன்று: கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புங்கள். விஷப் புகையைத் தணிப்பது அதுதான். அதற்குள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் உண்டு. கழற்றிய டப்பாவை எங்கே வைப்பார் என்று கேட்டுப் பாருங்கள், அண்ணன் முகம் மாறும்!

நான்கு: அதே குழாய் மாட்டிய இன்னொருத்தர் வண்டியில் ரிங் ரோட்டில் ஒரு அரை மணி நேரம் போய் வாருங்கள். வெளியே நின்று கேட்டால் கர்ஜனை. உள்ளே உட்கார்ந்து கேட்டால் மாவு மில்.

நிஜமாகவே முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற வெறி இருப்பவர்களுக்கு கோவை பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே 6,000 சுற்று எடுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். போவதற்கு வழியா? ஆரப்பாளையத்திலேயே கோயம்புத்தூர் பஸ் நிற்கிறது. ஏறி ஜன்னலோரமாக உட்காருங்கள். சத்தத்தை கண்டக்டர் பார்த்துக்கொள்வார்.