சனியை நேரில் பார்த்தோம்!



திருநள்ளாறு எங்கள் ஊருக்குப் பக்கம். அதனால் தரங்கம்பாடிக்காரர்களுக்கு சனி பகவான் சொந்தக்காரர் மாதிரி. பயமும் அந்த அளவுக்கு உண்டு.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றுவிட்டாள். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "கும்ப ராசியாச்சே, ஏழரைச் சனி நடக்குது. இனிமே படிப்பு ஏறாது" என்று பிள்ளை காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து புத்தகத்தை எடுக்கச் சொன்னாலே, "எனக்குத்தான் சனியாச்சே, படிச்சு என்னம்மா ஆகப்போகுது?" என்பாள். எனக்கு வயிறு எரியும்.

அந்தச் சமயம் அவளுடைய டீச்சர் பள்ளியில் டெலஸ்கோப் வைத்து நிலாவைக் காட்டியிருக்கிறார். ஒரு வாரம் அதே பேச்சு. சீட்டுப் பணத்தில் 7,000 ரூபாய்க்கு ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கினோம். முன்கண்ணாடி 70 மில்லிமீட்டர்தான். "அந்தக் காசுக்கு ஒரு கிராம் தங்கம் வாங்கியிருக்கலாமே" என்றார் என் மாமியார். "வயசுப் பிள்ளையை ராத்திரியில மொட்டை மாடிக்கு ஏத்துறீங்களே" என்றது அக்கம்பக்கம்.

2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போய்க் கும்பிட்டு வந்தோம். அந்த வாரத்திலேயே மேகம் விலகிய ஒரு நாள், பொழுது சாய்ந்ததும் மேற்கே ஒரு மஞ்சள் புள்ளியைத் தேடிப்பிடித்தாள் மகள். பூமி சுற்றுவதால் அது கண்ணை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. குழாயை மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். அப்பப்பா! ஒரு சின்ன முத்துக்கு வளையம் மாட்டியது போல சனி கிரகம்! மாமியார் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "இவரா நம்ம சனீஸ்வரர்? இவ்வளவு அழகா இருக்காரே! இவருக்கா பயந்தோம்?" என்றார்.

சனி சூரியனை ஒரு சுற்று சுற்ற இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறதாம். "பன்னிரண்டு ராசிக்கு வகுத்தா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டரை வருஷம்மா! மூணு ராசின்னா ஏழரை!" என்று அங்கேயே கணக்குப் போட்டாள் மகள். கணக்கில் தோற்ற அதே பிள்ளை! அப்புறம் அவள் வாயிலிருந்து "எனக்குச் சனி" என்ற வார்த்தை வரவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் 61 வாங்கினாள். எனக்கு அது நூறுக்குச் சமம்.

நான் சாமி இல்லை என்று சொல்லவில்லை. இப்போதும் எள் தீபம் போடுகிறேன். சென்னை வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கமும் கணித்தார். 1867-ல் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தையும் கண்டுபிடித்தார். பஞ்சாங்கம் ஒரு கையில், தொலைநோக்கி மறு கையில். நாம் மட்டும் ஏன் பயத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்?

வாங்க நினைக்கும் தோழிகளுக்கு இரண்டு வார்த்தை. நிலாவைப் பௌர்ணமியில் பார்க்காதீர்கள், கண் கூசும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் பாருங்கள். பள்ளமும் மேடும் நிழலோடு தெளிவாகத் தெரியும். வியாழனுக்குப் பக்கத்தில் நாலு நிலா புள்ளி புள்ளியாகத் தெரியும். 1610-ல் கலிலியோ பார்த்த அதே நாலு. சனியின் வளையம் 2025-ல் விளிம்பு திரும்பிக் கோடாகிவிட்டது. இனி வருஷா வருஷம் விரியும். சூரியனை மட்டும் டெலஸ்கோப்பில் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் நாங்கள் மூன்று பெண்களும் மாடிக்கு ஏறிவிடுகிறோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். பெண் பிள்ளைக்கு கிரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதை விட, கிரகத்தையே காட்டிவிடலாமே! என்ன சொல்றீங்க தோழிகளே?

- ஒரு வாசகி, தரங்கம்பாடி