கணக்கெடுப்புப் படிவமும் மனோர் பார்க் தமிழர்களும்: இனம் எது, பண்பாடு எது?

லண்டனின் கிழக்கே, நியூகாம் நகராட்சிக்குள் அமைந்துள்ள மனோர் பார்க், பிரிட்டனில் தமிழ் வாழ்வு கண்ணுக்குத் தெரியும் இடங்களில் ஒன்று. சர்ச் ரோட்டில் லண்டன் ஸ்ரீ முருகன் ஆலயம் உள்ளது. ஈஸ்ட் ஹாம் நோக்கிச் செல்லும் ஹை ஸ்ட்ரீட் நார்த் வீதியில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளைக் காணலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அங்கே ஒரே கோயிலுக்குச் செல்கின்றனர். ஒரே மொழியைப் பேசுகின்றனர்.

ஆனால் அரசாங்கத்தின் மக்கள் தொகைக் கணக்கெடுப்புப் படிவம் இவர்களை ஒரே பிரிவினராகப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்தவருக்கு 'இந்தியர்' என்ற கட்டம் இருக்கிறது. இலங்கைத் தமிழருக்கு அப்படி எதுவும் இல்லை. 'வேறு ஆசியப் பின்னணி' என்ற கட்டத்தைக் குறித்து, பக்கத்தில் தம் அடையாளத்தை அவரே எழுத வேண்டும். தமிழர் என்ற கட்டம் எவருக்கும் கிடையாது.

மொழியைப் பற்றிய கேள்வியில்தான் தமிழர்கள் ஒன்றாகத் தென்படுகின்றனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தமது முதன்மை மொழியாகக் குறிப்பிட்டவர்கள் 2011-ஆம் ஆண்டில் சுமார் 1 லட்சம் பேர். 2021-இல் சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர். இங்கேயே பிறந்து, ஆங்கிலத்தை முதன்மை மொழியாகக் குறிப்பிடும் அடுத்த தலைமுறை இந்த எண்ணிக்கையில் சேராது.

<b>அமெரிக்காவில் இதே கேள்வி</b>

ஒரு மனிதரின் இனம் எது, பண்பாடு எது என்ற சிக்கல் தமிழர்களுக்கு மட்டும் உரியதல்ல. கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, டொமினிகன் குடியரசு போன்ற இடங்களிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பலர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். பேசும் மொழியோ ஸ்பானிஷ். நிறத்தால் கறுப்பினத்தவர் என்றும், மொழியாலும் பண்பாட்டாலும் லத்தீனோக்கள் என்றும் அவர்கள் அடையாளம் காணப்படுகின்றனர். புவேர்ட்டோ ரிக்கோவில் 1874-ஆம் ஆண்டு பிறந்த ஆர்த்துரோ ஷோம்பர்க் அவர்களில் ஒருவர். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் வரலாறு குறித்து அவர் திரட்டிய நூல்களே நியூயார்க் ஹார்லமில் இன்றும் இயங்கும் ஆய்வு நூலகத்திற்கு அடித்தளமாயின.

அமெரிக்கக் கணக்கெடுப்பு 1980 முதல் அனைவரிடமும் லத்தீனோ வம்சாவளியை ஒரு கேள்வியாகவும் இனத்தைத் தனிக் கேள்வியாகவும் கேட்டு வந்தது. 2024 மார்ச் மாதத்தில் இரண்டையும் ஒரே கேள்வியாக இணைக்கும் புதிய விதிமுறை அறிவிக்கப்பட்டது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களைக் குறிக்கலாம் என்றாலும், கறுப்பின லத்தீனோக்களின் எண்ணிக்கை இதனால் குறைவாகப் பதிவாகக்கூடும் என்ற கவலை எழுந்தது. லத்தீனோ என்பதை மட்டும் குறித்துவிட்டால், நிறத்தின் காரணமாக அவர்கள் சந்திக்கும் பாகுபாடு புள்ளிவிவரங்களில் மறைந்துவிடும் என்பதே விமர்சகர்களின் வாதம்.

<b>இலங்கையின் அனுபவம்</b>

மொழி ஒன்றாக இருந்தும் இன அடையாளம் வேறாக இருப்பது இலங்கையில் பழகிப்போன விஷயம். பிரிட்டிஷ் ஆட்சியில் 1911-ஆம் ஆண்டு நடந்த கணக்கெடுப்பு, இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரு பிரிவுகளை ஏற்படுத்தியது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் தனி இனத்தவராகவே கணக்கிடப்பட்டு வருகின்றனர்.

இத்தகைய பிரிவுகள் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். எவர் எந்தப் பிரிவில் எழுதப்பட்டார் என்பது அவரது வாக்குரிமையையே தீர்மானித்தது.

<b>கறுப்பு என்ற அரசியல் நிறம்</b>

பிரிட்டனில் இதற்கு நேர்மாறான ஒரு முயற்சியும் நடந்தது. பிரிவுகளைக் கடந்து ஒரே பெயரின் கீழ் திரள்வதே அதன் நோக்கம். அதன் முதன்மைச் சிந்தனையாளர் இலங்கைத் தமிழரான அம்பலவாணர் சிவானந்தன். 1958-ஆம் ஆண்டின் இனக் கலவரத்தையடுத்து இலங்கையை விட்டு வெளியேறிய அவர், லண்டன் வந்தபோது கண்டது நாட்டிங் ஹில்லில் கரீபியர்கள் மீது நடந்த தாக்குதல்களை. பின்னர் இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும், 'ரேஸ் அண்ட் கிளாஸ்' இதழின் ஆசிரியராகவும் விளங்கினார். 2018 ஜனவரியில் காலமானார்.

கறுப்பு என்பது தோலின் நிறமல்ல, அரசியலின் நிறம் என்பது சிவானந்தனின் நிலைப்பாடு. காலனி ஆட்சியையும் இனவெறியையும் அனுபவித்த ஆசியர்களும் ஆப்பிரிக்கர்களும் கரீபியர்களும் அந்தப் பெயரில் ஒன்றுபட வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

மனோர் பார்க்கை ஒட்டிய தெருக்களில் இந்தக் கருத்துக்கு நடைமுறைத் தேவை இருந்தது. 1980 ஜூலையில் ஈஸ்ட் ஹாமில் அக்தர் அலி பெய்க் என்ற இளைஞர் இனவெறியர்களால் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்து உருவான நியூகாம் கண்காணிப்புத் திட்டம் என்ற அமைப்பில் ஆசியர்களும் கறுப்பினத்தவரும் இணைந்து செயற்பட்டனர். தாக்க வந்தவர்கள் எவரிடமும் நாட்டையோ மொழியையோ விசாரிக்கவில்லை.

1983 ஜூலை வன்முறைக்குப் பின்னர் வந்த தமிழ் அகதிகளும் இதனை உணர்ந்தனர். 1987 பிப்ரவரியில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் சிலர் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். உரிய ஆவணங்கள் இல்லாதவர்களை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்டது.

எனினும் 'அரசியல் கறுப்பு' என்ற கருத்து நிலைக்கவில்லை. அது ஆசியர்களின் மதத்தையும் மொழியையும் குடும்ப மரபையும் கண்டுகொள்ளவில்லை என்று தாரிக் மொதூத் போன்ற அறிஞர்கள் விமர்சித்தனர். 1991-இல் இனம் பற்றிய கேள்வி முதன்முறையாகக் கணக்கெடுப்பில் இடம்பெற்றபோது, கறுப்பினத்தவருக்கும் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவருக்கும் தனித்தனிக் கட்டங்கள் வகுக்கப்பட்டன.

<b>சட்டம் சொல்வது</b>

பண்பாடு எப்போது இனமாகிறது என்பதற்கு பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு விடை உண்டு. தலைப்பாகை அணிந்த சீக்கிய மாணவனைச் சேர்க்கப் பள்ளி ஒன்று மறுத்த வழக்கில், பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 1983-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தனர். நீண்ட பொது வரலாறும் தமக்கே உரிய பண்பாட்டு மரபும் இன்றியமையாதவை. பொது மொழி, இலக்கியம், பூர்வீகம், மதம் ஆகியவை துணைச் சான்றுகள் என்று அவர்கள் கூறினர். அதன்படி சீக்கியர்கள் ஓர் இனக்குழுவாக ஏற்கப்பட்டனர்.

இருந்தும் 2021 கணக்கெடுப்பில் சீக்கியர்களுக்கு இனக் கேள்வியில் தனிக் கட்டம் கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் நீதிமன்றம் சென்றும் பயனில்லை. சட்டத்தின் பார்வையில் இனக்குழுவாக இருப்பதும், படிவத்தில் இடம் பெறுவதும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது.

<b>அடுத்த கணக்கெடுப்பு</b>

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுத்த கணக்கெடுப்பை 2031-இல் நடத்தப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. தமிழர் என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற விருப்பத்திற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. மொழிபெயர்ப்பு வசதி, முதியோர் பராமரிப்பு, பள்ளிகளில் தாய்மொழிக் கல்வி ஆகியவற்றைத் திட்டமிடும்போது எண்ணிக்கை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 'வேறு ஆசியர்' என்ற தொகுப்பில் இலங்கைத் தமிழர்களும் நேபாளியர்களும் பிலிப்பினோக்களும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர்.

ஆனால் தனிக் கட்டம் கிடைத்தாலும் அது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. தன்னை முதலில் முஸ்லிமாகக் கருதும் தமிழ் பேசுபவர், தமிழ் மறந்த மொரீஷியஸ் வம்சாவளியினர், தமிழ்த் தாய்க்கும் கரீபியத் தந்தைக்கும் பிறந்த பிள்ளை ஆகியோர் எதைக் குறிப்பர் என்ற கேள்வி அப்போதும் எஞ்சியிருக்கும்.

கறுப்பின லத்தீனோக்களின் அனுபவம் சுட்டுவதும் இதையே. பண்பாட்டின் பெயரால் மட்டும் எண்ணினால் நிறத்தால் நேரும் அநீதி மறைகிறது; நிறத்தின் பெயரால் மட்டும் திரண்டால் மொழி மறைகிறது. மனோர் பார்க் தமிழர்களுக்கு 1980-களில் அயலாரோடு பகிர்ந்த பெயரும் தேவைப்பட்டது, தமக்கே உரிய பெயரும் தேவைப்பட்டது. 2031-ஆம் ஆண்டின் படிவம் எந்த வடிவத்தில் வந்தாலும், அந்த இரண்டு தேவைகளும் நீடிக்கும் என்றே தோன்றுகிறது.