வெயில் விளையும் நிலம்

கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் பெறுவது நம் நாட்டிற்கு இன்றியமையாதது. நிலக்கரியை எரித்தால் புகை எழும். கதிரொளியில் புகை இல்லை. ஆனால், அதற்கு இடம் மிகுதியாக வேண்டும். அவ்விடம் பெரும்பாலும் சிற்றூர்களிலேயே கிடைக்கிறது. எனவே, பெரிய சூரிய மின்பூங்காவைத் திட்டமிடுவோர், "இங்கே வெயில் எவ்வளவு?" என்று கேட்டால் மட்டும் போதாது, "இந்நிலத்தை நம்பி வாழ்வோர் யார் யார்?" என்றும் கேட்க வேண்டும்.

கர்நாடக மாநிலம் தும்கூர் மாவட்டத்தில் உள்ள பாவகடா, வறட்சி மிகுந்த பகுதி. மழை பொய்த்ததால், நிலக்கடலை பயிரிட்ட உழவர் பலர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். அங்கே ஐந்து ஊர்களில், ஏறத்தாழ 13,000 ஏக்கர் பரப்பில், 2,050 மெகாவாட் திறன் கொண்ட மின்பூங்கா அமைந்தது. அதன் முதற்பகுதி 2018ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. உழவர்களின் நிலம் விலைக்கு வாங்கப்படவில்லை, குத்தகைக்கே பெறப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் எனத் தொடங்கிய குத்தகைத் தொகை, ஈராண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயரும். நிலத்தின் உரிமை உழவரிடமே நிலைக்கிறது. இது போற்றத்தக்க ஏற்பாடு.

ஆயினும், நிலமில்லாதவர்க்கு அக்குத்தகையில் பங்கு இல்லை. களை பறித்தும் கடலை பிடுங்கியும் கூலி பெற்ற மகளிர் வேலையிழந்தனர். ஆடு மேய்ப்போரின் மேய்ச்சல் இடங்கள் வேலிக்குள் அடங்கின. தகடுகளைத் துடைத்தல், புல் வெட்டுதல், காவல் காத்தல் போன்ற பணிகள் சிலருக்கே கிடைத்தன.

"நாட்டின் நன்மைக்காகச் சிலர் விட்டுக்கொடுக்கலாகாதா?" எனச் சிலர் வினவலாம். விட்டுக்கொடுப்பவர் யார் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். நம் பெற்றோரும் பாட்டன்மாரும் பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள். விரும்பிப் புறப்படுவது வேறு. வேறு வழியின்றிப் புறப்படுவது வேறு.

இப்போது மின்பூங்காக்களுடன் மின்கலச் சேமிப்பும் இணைகிறது. பகலில் மிகும் மின்சாரம் மாலையில் விளக்கேற்ற உதவுகிறது. சத்தீஸ்கர் மாநிலம் ராஜ்நந்த்காவில், 100 மெகாவாட் சூரிய மின்நிலையத்துடன், 40 மெகாவாட் மின்சாரத்தை மூன்று மணி நேரம் வழங்கும் மின்கலங்கள் 2024ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தன. மாலையில் மின்தேவை மிகுதி. ஆதலின் அந்நேரத்து மின்சாரத்திற்கு மதிப்பும் மிகுதி. அம்மதிப்பில் ஒரு பங்கு, நிலம் இல்லாத குடும்பங்களையும் சேர வேண்டும் என்பதே என் கருத்து.

இடத்தை முடிவு செய்யும் முன்பே கிராம சபையைக் கூட்ட வேண்டும். கூலித் தொழிலாளரும் மேய்ப்பரும் அங்கே பேச வேண்டும். மேய்ச்சலுக்கு வழி விட வேண்டும். தீ விபத்து நேர்ந்தாலும் தீங்கு வராதபடி, மின்கலங்களைக் குடியிருப்புகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். குத்தகை முடிந்தபின் நிலத்தைப் பயிரிடத்தக்கதாகத் திருப்பித் தர வேண்டும். இவற்றையெல்லாம் திட்டம் தொடங்கும் முன்பே எழுதி உறுதி செய்வது கடமை.

நம் வீட்டு விளக்கு எரிய, ஒருவர் வீட்டு அடுப்பு அணையலாகாது.