கண்ணாடிக் குடுவையும் பத்து ரூபாயும்



பள்ளிக்கூட விழாக்களிலும் மதரஸா ஆண்டு விழாக்களிலும் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. மேசைமீது ஒரு கண்ணாடிக் குடுவை. அது நிறையக் கோலிக்குண்டுகள். உள்ளே எத்தனை என்று சொல்ல வேண்டும். ஒரு விடைக்குப் பத்து ரூபாய். சரியான எண்ணுக்கு மிக அருகில் வருபவருக்குப் பரிசு. அண்மையில் நாம் சென்றிருந்த ஒரு விழாவில், சிறுவன் ஒருவன் தன் பெருநாள் காசு முழுவதையும் இந்த மேசையில் கொடுத்துவிட்டு, தங்கையிடம் கடன் கேட்டு நின்றான். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றான். சீட்டாட்ட மேசையில் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.

இதைக் கண்டு, கண்ணளவில் மதிப்பிடுவதே கூடாது என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. மதிப்பிடுதல் நம் மார்க்கத்தில் இடம்பெற்ற கலை. தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் வாதில் குரா என்னுமிடத்தில் ஒரு பெண்மணியின் பேரீச்சந் தோட்டத்தைக் கண்டார்கள். அதன் விளைச்சலை மதிப்பிடுமாறு தோழர்களிடம் கூறி, தாமும் பத்து வஸக் என மதிப்பிட்டார்கள். கிடைப்பதைக் கணக்கிட்டு வைக்குமாறு அப்பெண்மணியிடம் சொல்லிச் சென்றார்கள். திரும்பி வந்து கேட்டபோது, விளைந்தது பத்து வஸக்காகவே இருந்தது. இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஒரு வஸக் என்பது 60 ஸாஉ. ஒரு ஸாஉ என்பது நான்கு முத்து. ஒரு முத்து என்பது நடுத்தர மனிதரின் இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு. அப்படியானால் மரத்தில் தொங்கிய கனிகளில் 2,400 கையளவை அவர்கள் கணித்திருக்கிறார்கள்!

கைபரின் விளைச்சலை மதிப்பிட அனுப்பப்பட்ட அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களிடம், அவ்வூரார் நகைகளைத் திரட்டி வந்து, அளவைத் தமக்குச் சாதகமாகக் குறைக்கச் சொன்னார்கள். அவர் அதை வெறுத்து ஒதுக்கினார். தாம் சொன்ன அளவுக்கு அவர்களே விளைச்சலை எடுத்துக்கொள்ளலாம், அல்லது தம்மிடம் விட்டுவிடலாம் என்றார். மதிப்பீடு ஓர் அமானிதம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அதே மார்க்கம்தான் "முஸாபனா" என்னும் வணிகத்தைத் தடுத்தது. மரத்தில் இருக்கும் கனியை உத்தேசமாகக் கணித்து, அதற்கு ஈடாக அளந்த உலர் பேரீச்சம்பழத்தைக் கொடுத்து வாங்குவதே முஸாபனா. ஏழைகளின் தேவை கருதிச் சிறு அளவுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. ஆக, மதிப்பிடுவது குற்றமன்று. அந்த மதிப்பீட்டின்மீது ஒருவரின் இழப்பையும் மற்றவரின் ஆதாயத்தையும் கட்டிவைப்பதே தடுக்கப்பட்டது. குடுவை மேசையில் நடப்பது என்ன? நூறு பேர் கொடுத்த காசிலிருந்து ஒருவருக்குப் பரிசு, மற்றவர்களுக்கு வெறுங்கை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் விலக்கிய சூதாட்டத்தின் வடிவம் இதுவே என்று நாம் அஞ்சுகிறோம்.

"பத்து ரூபாய்தானே!" என்பார்கள். தொகை சிறிதாவதால் தன்மை மாறுவதில்லை. "பணம் மதரஸாவுக்குத்தானே போகிறது!" என்பார்கள். நல்ல செலவு என்பதற்காகத் தவறான வரவு நல்லதாகிவிடாது. "இது அறிவுப் போட்டிதானே!" என்பார்கள். அறிவுப் போட்டி என்றால் வழிமுறையைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அந்த மேசையில் அதைக் கற்பிக்க ஒருவரும் இல்லை.

அந்த வழிமுறை கடினமானதன்று. மூன்று லிட்டர் குடுவை என்று வைத்துக்கொள்வோம். 1.6 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கோலிக்குண்டின் கன அளவு ஏறத்தாழ 2.1 கன சென்டிமீட்டர். 3,000ஐ அதனால் வகுத்தால் 1,400 வரும். அவசரக்காரர் இந்த எண்ணையே எழுதிவிடுவார். ஆனால் குண்டுகளுக்கிடையே காற்றும் இருக்கிறது. ஒழுங்கின்றிக் கொட்டிய உருண்டைகள் இடத்தில் சுமார் 64 விழுக்காட்டையே நிரப்பும். ஆகவே விடை 900ஐ ஒட்டியே இருக்கும். குடுவையின் ஓரங்களில் இடைவெளி கூடுவதால் இன்னும் சற்றுக் குறையும். பழக்கடையில் ஆரஞ்சுகளை அடுக்குவதுபோல் அடுக்கினாலும் 74 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. 1611இல் கெப்ளர் கூறிய இக்கருத்துக்கு, 1998இல்தான் தாமஸ் ஹேல்ஸ் நிறுவலை முன்வைத்தார்.

நம் பாட்டிமார்களுக்கு இவ்வளவு கணக்கும் தேவைப்பட்டதில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஓர் ஆழாக்குக் கொண்டைக்கடலையை எண்ணி எட்டால் பெருக்கினால் படியின் கணக்கு வந்துவிடும். 360 நெல் ஒரு சோடு, 5 சோடு ஓர் ஆழாக்கு, எனவே ஒரு படிக்கு 14,400 நெல் என்று பழந்தமிழ் வாய்ப்பாடும் நெல்மணியிலிருந்தே அளவைத் தொடங்கியது.

ஆகவே விழா நடத்தும் ஜமாஅத்தார்களிடம் நாம் வேண்டுவது இதுதான்: குடுவையை எடுத்துவிடாதீர்கள், கட்டணத்தை எடுத்துவிடுங்கள். பரிசை யாரேனும் ஒரு நல்லவர் தம் கைக்காசில் வழங்கட்டும். மதரஸாவுக்கு நன்கொடை வேண்டுமென்றால் பக்கத்தில் தனியாக ஓர் உண்டியல் வையுங்கள். விடையோடு, அதை எப்படிக் கணித்தார்கள் என்பதையும் பிள்ளைகள் எழுதட்டும். இறுதியில் எல்லார் முன்னிலையிலும் எண்ணிக் காட்டுங்கள். வாதில் குராவில் நடந்ததும் அதுதானே: முதலில் மதிப்பீடு, பிறகு எண்ணிச் சரிபார்த்தல். மார்க்கச் சட்டத்தில் ஐயம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிம்களைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அந்தச் சிறுவன் அன்று 1,400 என்றே திரும்பத் திரும்ப எழுதினானோ, வேறு எண்களை எழுதினானோ, நாம் அறியோம். அவனருகே அமர்ந்து, "தம்பி, குண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடத்தையும் கணக்கில் எடு" என்று ஒருவர் சொல்லியிருந்தால், அவன் காசை இழக்காமலே ஒன்றைக் கற்று வீடு திரும்பியிருப்பான். அப்படிச் சொல்லாமல் வேடிக்கை பார்த்தவர்களில் நாமும் இருந்தோம்.

அளவையில் நேர்மையையும், ஈட்டுவதில் தூய்மையையும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் அருள்வானாக. ஆமீன்.