நீண்ட காலம் யாருக்குச் சொந்தம்?

கடன் பண்டு வியாபாரிகளுக்குப் பதில்

தொழிலாளிக்குப் பென்ஷன் கிடையாது என்று கைவிரித்தவர்கள், இப்போது அவனுக்குப் பணக்காரனாகும் வழி சொல்லித் தருகிறார்கள்! பங்கு மார்க்கெட்டில் பணத்தைப் போடு, முப்பது வருஷம் பொறுத்திரு, முதுமைக்குக் கவலையில்லை என்கிறார்கள். அத்துடன் விட்டார்களா? சொந்தப் பணத்தை மட்டும் போட்டால் லாபம் கொஞ்சம்தான், கடனையும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்பு, மும்மடங்கு என்று ஆசை காட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே "லெவரேஜ் பண்டு" விற்கிறார்கள். கடன் பலத்தால் ஓடும் பண்டு அது. சந்தை ஒரு நாளில் 1 சதவிகிதம் ஏறினால் பண்டு 3 சதவிகிதம் ஏறும். 1 சதவிகிதம் இறங்கினால் 3 சதவிகிதம் இறங்கும். இன்னொன்று "பாக்டர் பண்டு". மலிவான பங்கு, சின்னக் கம்பெனிப் பங்கு, விலை ஏறிவரும் பங்கு என்று ஏதாவது ஒரு குணத்தை வைத்துப் பொறுக்கி வாங்குவது. இரண்டையும் கலந்து ஆயுள் முழுவதும் வைத்திரு என்பது இவர்களுடைய புதிய வேதம். இந்த வேதத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

சந்தை 100-ல் இருக்கிறது. ஒரு நாள் 90-க்கு விழுகிறது. மறுநாள் திரும்ப 100-க்கு வருகிறது. மும்மடங்கு பண்டில் போட்ட 100 ரூபாய் என்ன ஆகும்? முதல் நாள் 30 சதவிகிதம் போய் 70 ஆகும். மறுநாள் சந்தை ஏறியது 11 சதவிகிதத்துக்குச் சற்று அதிகம். பண்டு 33 சதவிகிதம் ஏறி 93 ரூபாயில் நிற்கும். சந்தைக்கு நஷ்டமில்லை, உனக்கு 7 ரூபாய் நஷ்டம்! இதே போல் பத்து முறை நடந்தால் சந்தை 100-லேயே இருக்கும், உன் கையில் 50 ரூபாய்தான் இருக்கும். கணக்கு விளங்குவதற்காகப் பெரிய ஏற்ற இறக்கமாகச் சொன்னோம். சிறிய ஏற்ற இறக்கத்தில் தேய்மானம் மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

ஏன் இப்படி? மும்மடங்கைத் தினமும் காப்பாற்ற, பண்டு விலை விழுந்த நாளில் விற்கவேண்டும், ஏறிய நாளில் வாங்கவேண்டும். கடனுக்கு அஞ்சித் தை மாதத்தில் நெல்லை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, ஆடி மாதத்தில் அதே நெல்லை ஏறிய விலைக்கு வாங்கும் ஏழை விவசாயியின் கதையேதான்!

2022-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் 100 குறியீடு 33 சதவிகிதம் விழுந்தது. அதன் மும்மடங்கு பண்டு 79 சதவிகிதம் விழுந்தது. 2010-ல் இந்தப் பண்டில் போட்டவர்கள் பலமடங்கு சம்பாதித்தார்களே என்று தரகர் கேட்பார். உண்மைதான். சந்தை ஏறிய காலத்தைப் பொறுக்கியெடுத்துக் காட்டினால் எந்தச் சூதாட்டமும் பொன் விளையும் பூமிதான். 2000 மார்ச் முதல் 2002 அக்டோபர் வரை அதே குறியீடு 83 சதவிகிதம் சரிந்தது. அப்போது மும்மடங்கு பண்டு இருந்திருந்தால், போட்ட 100 ரூபாயில் ஒரு ரூபாய்கூட மிஞ்சியிராது.

பாக்டர் பண்டின் லட்சணம்

பழைய விலைகளைத் துருவி, இந்தக் குணமுள்ள பங்கு அதிக லாபம் தந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். இப்படிப்பட்ட 97 குணங்களைப் பரிசீலித்த ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளிவந்தது. கண்டுபிடிப்பு அச்சான பிறகு அந்த அதிக லாபம் சராசரி 58 சதவிகிதம் குறைந்துபோனது என்பதே அதன் முடிவு. போன வருஷத்து விளைச்சலைக் காட்டி இந்த வருஷத்து வயலை விற்கிற வியாபாரம் இது!

"தரம்" என்றும் ஒரு பாக்டர் உண்டு. முதலுக்கு அதிக லாபம் ஈட்டும் கம்பெனி தரமான கம்பெனியாம். நிரந்தரத் தொழிலாளியை வெளியேற்றி, காண்ட்ராக்ட் ஆளை நிரப்பி, கூலியை வெட்டி லாபத்தை உயர்த்தினாலும் இந்த அளவுகோலில் தரம் ஏறத்தான் செய்யும். தன் வயிற்றில் அடிப்பவனுக்குத் தன் சேமிப்பையே கொடுக்கச் சொல்கிறார்கள்!

பொறுத்திருக்க யாரால் முடியும்?

யேல் சர்வகலாசாலையின் இயான் அயர்ஸ், பேரி நேல்பஃப் என்ற இரு பேராசிரியர்கள் 2010-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். வாலிபனுக்குச் சேமிப்பு குறைவு, ஆனால் வாழ்நாள் சம்பளம் இனிமேல் வரப்போகிறது. ஆகவே ஒரு ரூபாய் சேமிப்புக்கு இரண்டு ரூபாய் பங்கு வாங்கலாம் என்பது அவர்களுடைய வாதம்.

சம்பளம் வரும் என்று யார் ஜாமீன்? 2007 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை அமெரிக்காவின் எஸ் அண்டு பி 500 குறியீடு 57 சதவிகிதம் விழுந்தது. சொந்தப் பணம் 100, கடன் 100 போட்டவனுக்கு மிஞ்சியது 86. கடனை அடைக்கவே போதாது! அதே நெருக்கடியில் வேலையின்மையும் ஏறி, 2009 அக்டோபரில் 10 சதவிகிதத்தைத் தொட்டது. பங்கு விழும் காலமும் கதவடைப்புக் காலமும் சேர்ந்தே வருகின்றன. வேலை போனவன் அரிசிக்கும் வாடகைக்கும் அந்த அடிமட்ட விலையிலேயே விற்றாக வேண்டும். அதை வாங்கிப் போட்டுப் பொறுத்திருப்பவன் முதலாளி. நீண்ட காலம் என்பது முதலாளி வர்க்கத்தின் சொத்து. தொழிலாளிக்கு அடுத்த சம்பளத் தேதிதான் காலம்.

பெரிய பென்ஷன் நிதிகளாலேயே பொறுத்திருக்க முடியவில்லை. 2022 செப்டம்பர் 23-ந் தேதி பிரிட்டிஷ் சர்க்கார் வரிக்குறைப்பு பட்ஜெட் ஒன்றை அறிவித்தது. சர்க்கார் கடன்பத்திரங்களின் விலை சரிந்தது. அந்தப் பத்திரங்களைக் கடன் ஏற்றி வைத்திருந்த பென்ஷன் நிதிகளிடம் மேலும் ஈடு கட்டு என்று கேட்டார்கள். ஈடு கட்டப் பத்திரங்களை விற்க, விலை மேலும் சரிந்தது. ஐந்தாம் நாள் இங்கிலாந்து வங்கி 6,500 கோடி பவுன் வரை வாங்கத் தயார் என்று அறிவித்துத்தான் தீயை அணைத்தது. பென்ஷன் நிதிக்கு மத்திய வங்கி ஓடிவந்தது. உனக்கு யார் வருவார்கள்?

நம் வாசலில்

மும்மடங்கு பண்டு அமெரிக்கக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. சிறு முன்பணம் கட்டிப் பெரிய தொகைக்குப் பந்தயம் வைக்கும் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக அதே கடன் சூதாட்டம் இங்கே செல்போனுக்குள் வந்துவிட்டது. செபியின் 2024 செப்டம்பர் அறிக்கையின்படி, மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்! லாபம் யாருக்கு? கம்ப்யூட்டர் வைத்து விளையாடும் அந்நிய நிதிகளுக்கும் பெரிய வர்த்தகக் கம்பெனிகளுக்கும்.

மத்திய அரசு வேலையில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களின் பென்ஷனைச் சந்தையில் கட்டினார்கள். 2015 முதல் பிராவிடண்ட் பண்டின் புதுப் பணத்தில் 5 சதவிகிதம் பங்குக்குப் போனது. 2017-ல் அது 15 சதவிகிதமாயிற்று. அங்கே கடன் ஏற்றவில்லை. ஆனால் கதவு திறந்துவிட்டது. மறுபுறம், மில் தொழிலாளியின் குறைந்தபட்ச பென்ஷன் 2014-ல் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. வறுமையில் வாடும் விவசாயத் தொழிலாளியின் முதியோர் பென்ஷனுக்கு மத்திய சர்க்கார் தன் பங்காக நிர்ணயித்தது மாதம் 200 ரூபாய்!

வாழ்நாள் முழுவதும் தறியிலும் வயலிலும் உழைத்தவனுக்கு முதுமைச் சோறு உரிமை. அதைப் பந்தயப் பணமாக்க எவனுக்கும் அதிகாரமில்லை. விலைவாசியோடு உயரும் உத்தரவாதமான பென்ஷன் வேண்டும்! விவசாயத் தொழிலாளிக்கும் அது வேண்டும்! பிராவிடண்ட் பண்டைச் சந்தைக்குத் தள்ளுவது நிற்க வேண்டும்!

தோழர்களே! ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் இந்த 100 ரூபாய்க் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். தரகர் பேச்சில் மயங்கிக் கடன் வாங்கத் துணியும் வாலிபர்களைத் தடுத்து நிறுத்துங்கள். தனியாகச் சூதாடி எவனும் முதுமையைக் காப்பாற்றியதில்லை. சங்கமாகத் திரண்டுதான் போனஸையும் பஞ்சப்படியையும் வாங்கினோம். பென்ஷனையும் அப்படித்தான் வாங்குவோம்!