கை பலமா, வீச்சா?

கோல்ப் என்ற சொல்லைக் கண்டதும் 'இது செல்வந்தர் ஆட்டம், நமக்கும் இதற்கும் என்ன உறவு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் பலர் அந்த மட்டையைத் தொட்டதில்லை. நானும் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பெண்பிள்ளைகளைப் பற்றி ஊரில் வழங்கும் ஒரு பேச்சுக்கு அந்த ஆட்டம் நல்ல பதில் வைத்திருக்கிறது. "பெண்களுக்குக் கையில் பலம் ஏது? அவர்களுக்கு எதற்கு எறிதலும் அடித்தலும்?" என்பதே அந்தப் பேச்சு.

கோல்ப் பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் எவ்வளவு பலசாலியாலும் எதையும் திருத்த முடியாது. பந்து எங்கே போகும் என்பது அதற்கு முன்னரே, நின்ற நிலையிலும் மட்டையைச் சுழற்றிய வழியிலும் முடிவாகிவிடுகிறது. இந்தச் சுழற்சியைத்தான் வீச்சு என்கிறேன்.

நல்ல வீச்சு கையில் தொடங்குவதில்லை. தோளகலத்திற்குக் கால்களை வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து சற்றே குனிந்து நிற்க வேண்டும். மட்டையை மேலே கொண்டுபோகும்போது தோள்கள் நன்றாகத் திரும்பும். இடுப்பு அதைவிடக் குறைவாகத் திரும்பும். கீழே இறங்கும்போது வரிசை மாறுகிறது. முதலில் பாதமும் இடுப்பும், பிறகு தோள், பிறகு கை, கடைசியில்தான் மட்டையின் தலை. வலக்கை ஆட்டக்காரி முடிக்கும்போது உடலின் பாரம் முழுவதும் இடக்காலில் நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் கையால் முதலில் இழுக்கிறார்கள். பந்து கோணலாகப் போகிறது. பிடியை இறுக்குவதும் அப்படித்தான். விரல்கள் இறுகினால் மணிக்கட்டும் முழங்கையும் இறுகி வேகம் செத்துவிடும். கோழிக்குஞ்சைப் பிடிக்கும் அளவுக்குப் பிடித்தால் போதும். பந்தை உயரே எழுப்ப அதை அடியிலிருந்து அள்ள வேண்டியதுமில்லை. மட்டை முகத்தின் சாய்வே அதை எழுப்பிவிடும்.

இவற்றைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது துவைக்கும் கல்தான். நனைந்த சேலையைத் தோளுக்கு மேல் சுழற்றி அடிக்கும் பாட்டிமார்களைக் கவனியுங்கள். ஒல்லியான கை, ஆனால் பின்காலிலிருந்து முன்காலுக்குப் பாரம் மாறுகிறது, இடுப்பு முந்துகிறது, கை பின்தொடர்கிறது. கேழ்வரகுக் கதிரைத் தடியால் அடிப்பவர்களிடமும் இதையே காணலாம். அதைத் திறமை என்று யாரும் சொல்வதில்லை, வேலை என்றுதான் சொல்கிறார்கள்!

இங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் 1998-ஆம் ஆண்டு பிறந்தவர் அதிதி அசோக். 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருக்கு வயது 18. ஒலிம்பிக் கோல்பில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவரே. கொரோனாவால் ஓராண்டு தள்ளி 2021-ஆம் ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் உலக வரிசையில் 200-ஆம் இடத்தில் இருந்துகொண்டு, 60 பேர் ஆடிய போட்டியில் நான்காவதாக வந்தார். தங்கம் வென்ற நெல்லி கோர்டாவுக்கும் இவருக்கும் இடையே இரண்டே அடிகள்தாம் வேறுபாடு. அங்கே மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களுள் ஒருவர் அதிதி! பந்தை நேராக வைத்ததும் குழிக்கருகே மெல்லத் தட்டி உருட்டியதும் அவரை அங்கே கொண்டு நிறுத்தின. மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய தாயார். காது கேளாத திக்ஷா டாகர் இடக்கையால் ஆடி, 2019-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கப் பெண்கள் ஓபன் போட்டியை 18 வயதில் வென்றார்.

அதற்காக நம் மாவட்டத்தில் ஒரு கோல்ப் மைதானம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ப்ளோரைடு கலந்த நீரால் பற்கள் பழுப்பேறிய ஊர்கள் இங்கே உண்டு. அவர்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஏக்கர் ஏக்கராகப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

நான் கேட்பது வேறு. இரும்புக் குண்டும் வட்டும் பல பள்ளிகளில் உண்டு. அவற்றை எறிவதும் இதே வரிசைதான்: பாதம், இடுப்பு, தோள், கை. இதை மெதுவாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க நேரம் வேண்டும். வெறும் கையோடு பத்து முறை, கண்ணாடி முன் பத்து முறை, பிறகு எறிவது என்று பழக வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பிறகு விளையாட்டு விழாவன்று குண்டைக் கையில் தந்து எறியச் சொன்னால், கற்காதவள் கையால்தான் தள்ளுவாள். அது காலடியில் விழுந்ததும் பார்ப்பவர்கள் "பலம் போதவில்லை" என்கிறார்கள். பாடம் நடக்கவில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. கணக்கில் தவறினால் மட்டும் "இன்னொரு முறை போட்டுப் பார்" என்கிறார்களே! வாரத்தில் அந்த இரண்டு பாடவேளைகளைப் பொதுத்தேர்வு நெருங்கும் வரையாவது பத்தாம் வகுப்பு மாணவியரிடமே விட்டுவைக்கலாம்.